ஸ்வீப் பிக்கிங்: கற்றுக்கொள்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டார் கற்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு கட்டத்தில் ஸ்வீப் பிக்கிங்கைப் பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. கேள்விகளும் பெரும்பாலும் அதேதான். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மெல்லிய ஈ கம்பியை 1வது கம்பி என்றும் தடித்த ஈ கம்பியை 6வது கம்பி என்றும் சொல்கிறேன். இடக்கையால் ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளால் பிரியும் இடம்) அழுத்தி வலக்கையால் பிக் (கம்பியை மீட்டும் சின்ன வில்லை) பிடிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்வீப் பிக்கிங்னா என்ன? கார்டை வேகமா ஸ்ட்ரம் பண்றதுதானே?

இல்லை. கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில நோட்டுகள் (சுரங்கள்). அதை ஸ்ட்ரம் பண்ணும்போது எல்லாக் கம்பியும் ஒன்றாக ஒலிக்க வேண்டும். ஸ்வீப்பில் ஒரு நேரத்தில் ஒரு நோட்டு மட்டும்தான் கேட்க வேண்டும். அடுத்த நோட்டு பிறக்கும்போது முந்தைய நோட்டு நின்றிருக்க வேண்டும்.

வலக்கை செய்வது ஒரே நீளமான அசைவு. பிக் ஒரு கம்பியைத் தாண்டியதும் அடுத்த கம்பியின் மேல் போய் உட்காரும், அங்கிருந்து அதற்கடுத்த கம்பிக்கு, படியில் இறங்குவது மாதிரி. ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாகக் கையை ஆட்டுவதில்லை. தடித்த கம்பியிலிருந்து மெல்லியதை நோக்கிப் போகும்போது எல்லாமே டவுன் (தரையை நோக்கி), திரும்பும்போது எல்லாமே அப் (மேல் நோக்கி). கையசைவு குறைவாக இருப்பதால்தான் அவ்வளவு வேகம் கிடைக்கிறது.

ஆர்பெஜியோவும் ஸ்வீப்பும் ஒண்ணா? ஹோட்டல் கலிஃபோர்னியா கடைசியில வர்றது ஸ்வீப்தானே?

ஆர்பெஜியோ என்பது நீங்கள் வாசிக்கும் விஷயம். கார்டில் உள்ள நோட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தால் அது ஆர்பெஜியோ. ஸ்வீப் என்பது அதை வாசிக்கும் ஒரு வழி. விரலால் பிளக் பண்ணியும் ஆர்பெஜியோ வாசிக்கலாம், வலக்கை விரலால் ஃபிரெட்டில் தட்டும் டேப்பிங்கிலும் வாசிக்கலாம்.

ஈகிள்ஸ் குழுவின் அந்தப் பாட்டின் முடிவில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் இரண்டு கிட்டாரில் ஹார்மனியாக வாசிப்பது ஆர்பெஜியோ. ஆனால் அதற்கு ஸ்வீப் தேவையில்லை. அந்த வேகத்துக்கு டவுன்-அப் என்று மாற்றி மாற்றி அடிக்கும் ஆல்டர்நேட் பிக்கிங்கே போதும். ஸ்வீப்புக்குப் போவதற்கு முன்னால் அதைக் கற்றுக்கொள்வது நல்லது. கார்டு மாறும்போது ஆர்பெஜியோவும் கூடவே மாறுவதை அவ்வளவு தெளிவாகக் காட்டும் ராக் பாட்டு குறைவு.

கிட்டார் வாங்கி கொஞ்ச நாள்தான் ஆகுது. இப்பவே ஆரம்பிக்கலாமா?

நாள் கணக்கை விடுங்கள். ஒரு மேஜர் ஸ்கேலை மெட்ரோநோமோடு (தாளக் கிளிக் கொடுக்கும் கருவி) தடுமாறாமல் ஆல்டர்நேட் பிக்கிங்கில் வாசிக்க முடிகிறதா? ஹாமர்-ஆன் (பிக் இல்லாமல் இடக்கை விரலால் கம்பியைத் தட்டி எழுப்பும் நோட்டு), புல்-ஆஃப் (விரலை இழுத்து விட்டு எழுப்பும் நோட்டு) இரண்டும் பிக் அடித்த நோட்டு அளவுக்குச் சத்தமாக வருகிறதா? சுண்டு விரல் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். அந்த வேலை வீணாகாது, ஸ்வீப்பில் அத்தனையும் வரும்.

அண்ணா, என்கிட்ட அக்கூஸ்டிக் கிட்டார்தான் இருக்கு. அதுல முடியுமா? பிக் எது வாங்கணும்?

அக்கூஸ்டிக்கில் கை அசைவைப் பழகலாம், ஷேப்பை (விரல்களை வைக்கும் அமைப்பு) மனதில் ஏற்றலாம். ஆனால் பெரும்பாலான ஷேப்புகள் 12வது ஃபிரெட்டுக்கு மேலே இருக்கின்றன. அங்கே அக்கூஸ்டிக்கின் உடல் கையைத் தடுக்கும், கம்பியும் உயரமாக இருக்கும். கீழே 5வது ஃபிரெட் பக்கம் பழகிவிட்டு, எலெக்ட்ரிக் கிடைக்கும்போது மேலே போங்கள். எலெக்ட்ரிக்கில் 9 அல்லது 10 கேஜ் (தடிமன் அளவு) கம்பி போதும்.

பிக் விஷயத்தில் ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: வளையும் மெல்லிய பிக் வேண்டாம். அது கம்பியில் மாட்டி வளைந்து திரும்பும்போது தாளம் நழுவிவிடும். 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் உள்ளதாகப் பாருங்கள். டன்லப் ஜாஸ் 3 என்ற சின்ன, கூரான பிக் இதற்குப் பலருக்கும் பிடித்தது. விலையும் அதிகமில்லை.

முதல்ல எந்த ஷேப்? நெட்ல ஆயிரம் இருக்கு, எதுன்னு தெரியல.

மூன்று கம்பி ஏ மைனர். வேறு எதையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். 3வது கம்பியில் 14வது ஃபிரெட் (மோதிர விரல்), 2வது கம்பியில் 13 (நடு விரல்), 1வது கம்பியில் 12 (ஆள்காட்டி விரல்), அதே 1வது கம்பியில் 17 (சுண்டு விரல்). நோட்டுகள் ஏ, சி, ஈ, மறுபடியும் ஏ.

இதையே ஏன் சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு தனி விரல் இருக்கிறது. இதே ஏ மைனரை 5வது ஃபிரெட்டிலும் பிடிக்கலாம்: மூன்று கம்பியிலும் 5, கடைசியில் 1வது கம்பியில் 8. பார்க்க ரொம்பச் சுலபமாகத் தெரியும். ஆனால் ஒரே விரலைப் படுக்கவைத்து மூன்று கம்பியையும் அழுத்த வேண்டியிருப்பதால் மூன்று நோட்டும் ஒட்டிக்கொண்டு கார்டாகவே ஒலிக்கும். தொடங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். 12க்கும் 17க்கும் நடுவில் விரல் எட்டவில்லை என்றால், கட்டைவிரலைக் கழுத்தின் பின்பக்க நடுவுக்கு இறக்கி, மணிக்கட்டைச் சற்று முன்னால் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலும் எட்டிவிடும்.

பிக் எந்தப் பக்கம் போகணும்? திரும்பும்போது கை குழம்பிப் போகுது.

மேலே சொன்ன ஷேப்பை ஆறு நோட்டுச் சுற்றாக வாசியுங்கள். 14 டவுன், 13 டவுன், 12 டவுன். இது மூன்றும் ஒரே அசைவு. பிறகு 17 அப். அதிலிருந்து 12க்கு புல்-ஆஃப், இதற்குப் பிக் வேண்டாம். கடைசியில் 2வது கம்பி 13 அப். அங்கிருந்து மறுபடி 3வது கம்பி 14 டவுன். சுற்று முடிந்து தானாகவே ஆரம்பத்துக்கு வந்துவிடும்.

கை குழம்பும் இடம் கடைசி அப்தான். 2வது கம்பியை அப்பில் அடித்த பிக், 3வது கம்பியில் இடிக்காமல் அதைத் தாண்டி மேலே வந்தாக வேண்டும். பிக்கை லேசாகச் சாய்த்துப் பிடித்தால் இது தீரும்: விரல் பிடித்திருக்கும் பக்கம் தரையை நோக்கியும் நுனி கொஞ்சம் மேலே பார்த்தும் இருக்கட்டும். அப்போது அப் அடித்ததும் பிக் தானாகவே கம்பிகளை விட்டு வெளியே வந்துவிடும். டவுன் அசைவில் அதே சாய்வு பிக்கைக் கம்பியிலிருந்து கம்பிக்கு வழுக்கிக்கொண்டு போகும். ஸ்வீடன் ராக் கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீனின் மூன்று கம்பி ஆர்பெஜியோக்கள் இப்படித்தான் நடக்கின்றன என்று அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டிராய் கிரேடி அவருடைய கையைப் படம் படமாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். மூன்று நோட்டையும் அப்பிலேயே திருப்பி வாசிக்கும் வழியும் உண்டு. ஐந்து கம்பி ஷேப்புக்கு வரும்போது அது தேவைப்படும், இப்போது இல்லை.

எல்லாம் சரியாத்தான் பண்றேன், ஆனா நோட்டெல்லாம் ஒட்டிக்கிட்டு கார்டு மாதிரி கேக்குது. ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்கிற எல்லாரும் வலக்கையைக் காட்டித்தான் கேட்கிறார்கள். பிரச்சினை இருப்பது இடக்கையில். ஷேப்பைக் கார்டு மாதிரி முழுவதுமாகப் பிடித்துக்கொண்டு பிக்கை இழுத்தால் முதல் கேள்வியில் சொன்ன ஸ்ட்ரம்தான் வரும்.

செய்ய வேண்டியது இது. 14ஐ அழுத்தி அடித்தீர்கள். பிக் 2வது கம்பியைத் தொடும் நேரத்தில் மோதிர விரலின் அழுத்தத்தை விட வேண்டும். கவனியுங்கள், விரலைக் கம்பியிலிருந்து தூக்கச் சொல்லவில்லை. ஃபிரெட்டிலிருந்து கம்பி விடுபடும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும், விரல் நுனி கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் போனதும் நோட்டு நிற்கும், விரல் தொட்டிருப்பதால் திறந்த கம்பியும் ஒலிக்காது. முழுசாகத் தூக்கினால் அந்தக் கம்பி வெறுமனே அதிர்ந்து வேறொரு சத்தம் கொடுக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஒரு நோட்டை அடியுங்கள், தளருங்கள், முழு அமைதி வரட்டும். பிறகு அடுத்த நோட்டு. இரண்டு நோட்டுக்கு நடுவில் அமைதி கேட்கிற வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். அந்த இடைவெளியைப் பிறகு குறைத்துக்கொண்டே வரலாம். ஒட்டிப்போன நோட்டுகளைப் பிரிப்பது அதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

மெதுவா நல்லா வருது, வேகம் கூட்டினா சிதறுது. மெட்ரோநோம் எவ்வளவுல வைக்கணும்?

60இல் வையுங்கள். முதலில் ஒரு கிளிக்குக்கு ஒரு நோட்டு, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. மூன்று சுத்தமாக வந்தால் ஒரு சுற்று சரியாக இரண்டு கிளிக்கில் முடியும். ஒரு கிளிக்கில் ஆறு நோட்டும் அடங்கினால் அப்போதே நொடிக்கு ஆறு நோட்டு வாசிக்கிறீர்கள். வெளியிலிருந்து கேட்பவருக்கு அதுவே வேகம்தான். அதற்கு மேல் நாலு நாலாகக் கூட்டினால் போதும்.

சிதறுவதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். டவுனில் பிக் விழும் மூன்று நோட்டும் அவசரமாக முடிந்துவிடும். புல்-ஆஃபில் வரும் நோட்டு தாமதமாகும். மொத்தத்தில் கிளிக்கோடு சேர்ந்த மாதிரியே இருக்கும், உள்ளே தாளம் கோணலாக இருக்கும். இதைக் காதால் பிடிப்பது கஷ்டம் என்பதால் போனில் பதிவுசெய்து வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். எந்த நோட்டு முந்துகிறது, எது பிந்துகிறது என்று உடனே தெரிந்துவிடும். பிறகு கிளிக் விழும் இடத்தில் 17 வருமாறு சுற்றை மாற்றித் தொடங்கி வாசியுங்கள். அழுத்தம் விழும் இடம் மாறினால் தாளமும் நேராகும்.

மேஜர் ஷேப்ல ஒரே ஃபிரெட்ல ரெண்டு கம்பி வருதே, அதுக்கு என்ன பண்றது?

ஏ மேஜரில் 3வது கம்பி 14, 2வது கம்பியும் 14, பிறகு 12, 17. இரண்டு 14க்கும் இரண்டு வழி உண்டு. நடு விரலை 3வது கம்பியிலும் மோதிர விரலை 2வது கம்பியிலும் வைக்கலாம். விரல் நெருக்கடி இருந்தாலும் நோட்டு பிரிந்து கேட்கும். இல்லையென்றால் மோதிர விரலை உருட்டலாம்: 3வது கம்பியை விரல் நுனியால் அழுத்தி, பிறகு விரலின் முதல் மூட்டை மடக்கிச் சாய்த்து 2வது கம்பியின் மேல் அழுத்தத்தை மாற்றுவது. அழுத்தம் இடம் மாறும்போது நுனி 3வது கம்பியை விட்டு லேசாக எழும்பி அதை அடக்கிவிடும்.

இரண்டு கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த உருட்டலைத் தனியாகப் பழகுங்கள். திரும்பும்போது எதிர்ப்பக்கம் உருட்டுவதுதான் கடினம், அதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

டிஸ்டார்ஷன் போட்டா ஒரே இரைச்சல். போடாம வாசிச்சா பிழையெல்லாம் தெரியுது.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், அது இல்லாத கிளீன் டோன், இரண்டிலும் பழக வேண்டும், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு பிழையைக் காட்டும். கிளீன் டோனில் வலுவில்லாத நோட்டு தெரியும். டிஸ்டார்ஷனில் அடக்காத கம்பி தெரியும். கெய்னை (டிஸ்டார்ஷனின் அளவு) நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்து, கழுத்துப் பக்கப் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை எடுக்கும் காந்தத்தை, போட்டுப் பாருங்கள். புல்லாங்குழல் மாதிரி உருண்டையான அந்த டோன் ஆர்பெஜியோவுக்கு நன்றாகப் பொருந்தும்.

இரைச்சலை அடக்குவது இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலை. நீங்கள் வாசிக்கும் கம்பிக்கு மேலே உள்ள தடித்த கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரம் தொட்டு அடக்க வேண்டும். பிக் மெல்லிய கம்பியை நோக்கிப் போகப்போக உள்ளங்கையும் கூடவே இறங்கும். கீழே உள்ள மெல்லிய கம்பிகளை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி தொட்டுக்கொண்டிருக்கும். முதல் ஃபிரெட் பக்கம் துணி கட்டி வாசிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பதிவுக்கு அது உதவும், பழகும்போது வேண்டாம். கை கற்க வேண்டியதைத் துணி செய்துவிடும்.

எப்ப அஞ்சு கம்பிக்குப் போகலாம்?

மூன்று கம்பி ஏ மைனர், ஏ மேஜர் இரண்டும் ஒட்டாமல் வந்த பிறகு. ஐந்து கம்பி ஏ மைனர் இது: 5வது கம்பியில் 12, ஹாமர்-ஆனில் 15, 4வதில் 14, 3வதில் 14, 2வதில் 13, 1வதில் 12, 17. கடைசி மூன்று கம்பியில் இருப்பது நீங்கள் ஏற்கெனவே பழகிய ஷேப்தான். புதிதாகச் சேர்ந்தது நடுவில் வரும் இரண்டு 14, அதற்கு மேஜர் ஷேப் கேள்வியில் சொன்ன உருட்டல். இங்கே திரும்பும் வழி முழுக்க அப். அப் ஸ்வீப் எல்லாருக்கும் டவுனைவிட மோசமாகத்தான் இருக்கும். அதனால் இறங்கும் பாதியை மட்டும் தனியாக எடுத்து வாசியுங்கள்.

முன்கை வலிக்குது. பழகினா சரியாகிடுமா?

களைப்பு வேறு, வலி வேறு. களைப்பு ஓய்வெடுத்தால் போகும். மணிக்கட்டிலோ முழங்கைப் பக்கமோ சுருக்கென்று வலித்தாலோ, விரல் மரத்துப்போனாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். அடுத்த நாளும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தசைநாரில் வரும் வீக்கத்தை அலட்சியம் செய்து மாதக்கணக்கில் கிட்டாரைத் தொட முடியாமல் போனவர்கள் உண்டு. பெரும்பாலான வலிக்குக் காரணம் தேவைக்கு அதிகமாக அழுத்துவது. ஃபிரெட் கம்பிக்கு ஒட்டி விரலை வைத்தால் பாதி பலமே போதும்.

இதை யார் கண்டுபிடிச்சது? மால்ம்ஸ்டீன்தானே?

இல்லை. 1950களிலேயே லெஸ் பால், செட் அட்கின்ஸ், டால் ஃபார்லோ, பார்னி கெசல் போன்றவர்கள் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஜாஸில் கார்டு மாறும் வேகத்துக்கு ஆர்பெஜியோ தேவை, ஒரே அசைவில் கம்பிகளைக் கடப்பது அவர்களுக்கு இயல்பாக வந்தது. 1970களில் ரிச்சி பிளாக்மோர், யான் அக்கர்மன் போன்ற ராக் கலைஞர்களிடமும் இதன் சாயலைக் கேட்கலாம்.

இதை ஒரு முழு முறையாகவே ஆக்கியவர் பிராங்க் கம்பலே. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1958இல் பிறந்தவர், ஹாலிவுட்டிலுள்ள கிட்டார் பள்ளியில் படித்து அங்கேயே சொல்லிக்கொடுத்தவர், 1986இல் ஜாஸ் பியானோ கலைஞர் சிக் கொரியாவின் எலெக்ட்ரிக் பேண்டில் சேர்ந்தவர். ஆர்பெஜியோவை மட்டுமல்ல, ஸ்கேலையும் அவர் ஸ்வீப் பண்ணுவார். ஒரே திசையில் போகும்போது ஒரு கம்பிக்கு ஒற்றைப்படை எண்ணிக்கையில் நோட்டு, திசை திரும்பும் இடத்தில் இரட்டைப்படை. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே பிக் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற கேள்வியைத் தீர்த்துவிட்டார். எகானமி பிக்கிங் என்று சொல்வது இதைத்தான். மெட்டல் பிடிக்காதவர்கள் ஸ்வீப்பையே ஒதுக்கிவிட வேண்டாம், கம்பலேயைக் கேளுங்கள்.

அப்ப மால்ம்ஸ்டீனை ஏன் எல்லாரும் சொல்றாங்க?

ராக் கிட்டாரில் அதன் ஒலியை மாற்றியது அவர்தான். 1963இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். சின்ன வயதில் பாகனினியின் வயலின் இசையைக் கேட்டு, அதைக் கிட்டாரில் கொண்டுவர வேண்டும் என்று இறங்கினார். வயலினில் வில்லை நான்கு கம்பிக்குக் குறுக்கே ஒரே இழுப்பில் இழுத்து ஆர்பெஜியோ வாசிப்பார்கள். கிட்டாரில் அதற்கு நெருக்கமாக வருவது ஸ்வீப்தான். 1983இல் இசைப் பதிவு நிறுவனம் நடத்திய மைக் வார்னி அவரை அமெரிக்காவுக்கு அழைத்தார். 1984இல் ரைசிங் ஃபோர்ஸ் ஆல்பம் வந்த பிறகு, கிட்டார் எடுத்த பதின்வயதுக்காரர்கள் எல்லாரும் ஹார்மோனிக் மைனர் ஸ்கேலைத் தேடிப் போனார்கள்.

வார்னியின் ஷ்ராப்னல் ரெக்கார்ட்ஸ் அடுத்த சில ஆண்டுகளில் ஒரு தலைமுறையையே வெளிக்கொண்டுவந்தது: டோனி மெக்கால்பின், வின்னி மூர், மார்ட்டி ஃபிரீட்மன், ஜேசன் பெக்கர். மெக்கால்பின் பியானோவும் தேர்ந்தவர், தன் ஆல்பங்களில் ஷோபானின் பியானோ இசையை வாசித்திருக்கிறார். அவருடைய ஆர்பெஜியோக்களில் பியானோ படித்தவரின் ஒழுங்கு தெரியும்.

ஜேசன் பெக்கரைப் பத்தி அடிக்கடி சொல்றீங்களே, அவர்கிட்ட அப்படி என்ன?

1969இல் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் மார்ட்டி ஃபிரீட்மனோடு கக்காஃபனி என்ற குழுவை நடத்தினார், 1987இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. 1988இல் தனியாக வெளியிட்டது பெர்பெச்சுவல் பர்ன். அதில் ஆல்டிட்யூட்ஸ் என்ற இசையைக் கேளுங்கள். ஸ்வீப் வரும் இடத்தில் ஒவ்வொரு ஆர்பெஜியோவும் அடுத்த கார்டை நோக்கி நகர்வதைக் கவனியுங்கள். மேல் நோட்டுகளை மட்டும் தனியே பாடிப் பார்த்தால் அதுவே ஒரு மெட்டாக இருக்கும். வேகம் அந்த மெட்டுக்காக வந்தது. சின்ன வயதுக்காரர் ஒருவர் அவ்வளவு வேகத்துக்குள் இவ்வளவு யோசித்திருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம்.

1990இல், ராக் பாடகர் டேவிட் லீ ராத்தின் குழுவில் சேர்ந்த சமயம், அவருக்கு ஏ.எல்.எஸ். எனும் நரம்பு நோய் இருப்பது தெரிந்தது. அப்போது வயது 20. சில ஆண்டுகள்தான் என்றார்கள் மருத்துவர்கள். கைகள் போயின, பேச்சும் போனது. அவருடைய அப்பா கண் அசைவால் எழுத்துகளைச் சொல்லும் ஒரு முறையை உருவாக்கினார். அதன் வழியாக நோட்டு நோட்டாகச் சொல்லி இசை எழுதுவதைத் தொடர்ந்தார். 2018இல் டிரையம்ஃபன்ட் ஹார்ட்ஸ் வந்தது. கை இல்லாமலும் அவரிடம் இசை இருந்தது என்றால், ஸ்வீப் அவருக்கு எந்த இடத்தில் இருந்தது என்று புரியும்.

ஸ்வீப் இல்லாமலே வேகமா ஆர்பெஜியோ வாசிக்கறவங்க இருக்காங்களா?

தாராளமாக. பால் கில்பர்ட் நடுவில் ஒரு கம்பியைத் தாண்டி வாசிக்கும் ஸ்டிரிங் ஸ்கிப்பிங்கைத்தான் விரும்புவார். ஒரு கம்பிக்கு இரண்டு மூன்று நோட்டு வருவதால் தாளம் திடமாக இருக்கும், நோட்டு ஒட்டும் பிரச்சினையும் இல்லை. ஸ்டீவ் மோர்ஸ் கம்பிக்கு ஒரு நோட்டு வரும் ஆர்பெஜியோவையும் ஆல்டர்நேட் பிக்கிங்கிலேயே வாசிப்பார். கேட்பதற்குக் கூர்மையாக இருக்கும், கற்பது மிகக் கடினம். ஸ்வீப்பில் எவ்வளவு முயன்றும் கை ஒத்துழைக்காதவர்களுக்கு நான் கில்பர்ட்டின் வழியைச் சொல்வேன்.

இப்ப வாசிக்கறவங்கள்ல யாரைக் கேக்கலாம்?

ஜெஃப் லூமிஸ், குறிப்பாக ஏழு கம்பியில். எட்டு கம்பியோடு டோசின் அபாசி. அவருடைய அனிமல்ஸ் ஆஸ் லீடர்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 2009இல் வந்தது. ஸ்வீப்பை ஜாஸுக்கும் ப்ளூஸுக்கும் நடுவில் இயல்பாகக் கலக்கும் கத்ரி கோவன். ஆலிஸ் கூப்பர் குழுவில் வாசித்த நீட்டா ஸ்ட்ராஸ். 2018இல் வந்த அவருடைய தனி ஆல்பத்தில் மெட்டும் வேகமும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்கும். ஒரே நாளில் எல்லாரையும் கேட்காதீர்கள். ஒருவரை எடுத்து ஒரு மாதம் கேளுங்கள்.

நான் கர்நாடக சங்கீதம் கத்தவன். இது எனக்கு உதவுமா, கெடுக்குமா?

காதுக்கு உதவும். ஏ மைனர் ஆர்பெஜியோ உங்களுக்கு ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம். மேஜர் என்றால் அந்தர காந்தாரம். மற்றவர்கள் மனப்பாடம் செய்வதை நீங்கள் பாடிவிடலாம்.

கைக்கு இரண்டும் எதிரெதிர். கமகம் ஒரே கம்பியில் வளைத்தும் வழுக்கியும் பிறக்கிறது, ஸ்வீப் கம்பிகளுக்குக் குறுக்கே ஓடுகிறது. ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வைக்க முடியாது. எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டால் இது விளங்கும். பெர்க்லியில் படித்த அவருக்கு மேற்கத்திய வழியும் தெரியும், எதை எங்கே வைக்க வேண்டும் என்றும் தெரியும். ஜான் மெக்லாஃப்லினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசித்தபோது, கம்பியை ஆழமாக வளைப்பதற்காக ஃபிரெட்டுகளுக்கு நடுவே குழித்த கிட்டாரையே செய்துகொண்டவர் அவர்.

ஷேப் எல்லாம் வருது. ஆனா சோலோல எங்க போடறதுன்னு தெரியல.

பின்னால் ஒலிக்கும் கார்டு எதுவோ அதன் ஆர்பெஜியோவை வாசியுங்கள். அதுதான் முதல் படி. ஏ மைனருக்கு ஏ மைனர். ஈ மேஜர் அல்லது ஈ7 வரும் இடத்தில் டிமினிஷ்டு ஷேப்பைப் போட்டுப் பாருங்கள்: 3வது கம்பி 13, 2வது கம்பி 12, 1வது கம்பி 10, 13. ஜி ஷார்ப், பி, டி, எஃப் என்ற நான்கு நோட்டு. இதே ஷேப்பை மூன்று ஃபிரெட் மேலே தள்ளினாலும் அதே நான்கு நோட்டுதான் வேறு வரிசையில் வரும். அதனால் மூன்று மூன்றாக ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் ஏ மைனரில் இறங்கலாம். மால்ம்ஸ்டீன் பாணியின் பெரும்பகுதி இந்த ஒரு நகர்வில் இருக்கிறது.

ஆர்பெஜியோவை முடிக்கும் நோட்டையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். ஏறி முடித்ததும் 17இல் நின்று ஒரு நல்ல வைப்ராட்டோ (கம்பியை அசைத்து நோட்டை அதிரவைப்பது) கொடுத்தால் அது ஒரு வாக்கியமாகக் கேட்கும். நிற்காமல் மேலும் கீழும் ஓடினால் பயிற்சியாகத்தான் கேட்கும்.

டேப் பாத்துக் கத்துக்கலாமா, காதால எடுக்கணுமா?

ஷேப்புக்கு டேப் (எந்தக் கம்பியில் எந்த ஃபிரெட் என்று எண்ணால் எழுதிய குறிப்பு) பாருங்கள், அதில் தப்பில்லை. ஆனால் டேப் எந்த நோட்டு என்று சொல்லுமே தவிர, அது எவ்வளவு நேரம் ஒலித்து எங்கே நிற்கிறது என்று சொல்லாது. ஏழாவது கேள்வியில் சொன்ன தளர்த்தலெல்லாம் டேப்பில் இருக்காது. பிடித்த ஒரு சோலோவில் நான்கு நொடி மட்டும் எடுத்து, பாதி வேகத்தில் கேட்டு, முதலில் மேல் நோட்டுகளை மட்டும் வாயால் பாடுங்கள். அந்த நோட்டுகளைக் கிட்டாரில் 1வது கம்பியில் தேடுங்கள். அவை கிடைத்தால் கீழே எந்த ஷேப் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று வாய்ப்புகளுக்குள் அடங்கிவிடும். டேப்பை அப்போது திறந்து சரிபாருங்கள்.